வாக்கிங் போனவருக்குப் பதினோரு மணிக்கு ஏன் கண் சொக்குகிறது?

கடலூர் சில்வர் பீச்சில் காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தால் ஊரே திருந்திவிட்டது போலத் தோன்றும். மஞ்சக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தவர்கள், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரே பைக்கில் மூன்று பேராக வந்த கல்லூரிப் பையன்கள், பக்கத்துத் தேவனாம்பட்டினத்திலிருந்து நடந்தே வரும் பெண்கள் என்று ஆளாளுக்கு ஒரு வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்கள். ஆறே முக்காலுக்கு டீக்கடையில் கூடும்போது எல்லார் முகத்திலும் ஒரு தெளிச்சி இருக்கும். அதே ஆட்களைப் பதினோரு மணிக்கு அவரவர் வேலை செய்யும் இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

என்னோடு நடக்கும் நண்பர் ஒருவர் வங்கியில் கேஷ் கவுன்ட்டரில் உட்காருகிறவர். போன மாதம் கேட்டார்: "அண்ணே, உடம்பு நல்லா இருக்கணும்னுதானே வர்றோம்? எனக்கென்னவோ வாக்கிங் வந்த நாள்லதான் பதினோரு மணிக்குக் கண்ணு சொக்குது. வராத நாள்ல நல்லாத்தான் இருக்கேன். நிறுத்திடட்டுமா?"

டீக்கடை உடனே தீர்ப்பு சொல்லிவிட்டது. "சத்து இல்லப்பா, ரெண்டு முட்டை சாப்பிடு" என்றார் ஒருவர். "லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கும் சார்" என்றான் ஜிம்முக்குப் போகும் தம்பி. "நாப்பத்தெட்டு வயசுல இதெல்லாம் சகஜம்" என்றார் மூன்றாமவர். நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன், மருத்துவன் இல்லை. ஆனால் இந்த மூன்று பதிலும் நண்பரின் கேள்விக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்று சொல்லும் அளவுக்குப் பாடம் தெரியும். அன்றைக்கு டீ ஆறும்வரை சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே 'டயர்டு'

தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் கிடையாது. களைப்பு, அசதி, மந்தம், கிறுகிறுப்பு, தூக்கக் கலக்கம் என்று எத்தனையோ உண்டு. என் பாட்டி இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லமாட்டாள். நாற்று நட்டுவிட்டு வந்தால் களைப்பு. காய்ச்சல் விட்ட மறுநாள் அசதி. விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு மந்தம். வெயிலில் நின்றால் கிறுகிறுப்பு. நாம் இந்த எல்லாவற்றையும் மூட்டை கட்டி 'டயர்டா இருக்கு' என்று சொல்லிவிடுகிறோம். மூட்டையாகச் சொன்னால் மருந்தும் மூட்டையாகத்தான் வரும்: முட்டை, புரோட்டீன் பவுடர், இல்லையென்றால் வாக்கிங்கை நிறுத்துவது.

பாட்டியின் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உடம்பில் தனித்தனி வேலை நடக்கிறது. அவற்றைப் பிரித்தறிய ஒரு சுலபமான வழி, சோர்வு எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்ப்பது. நடக்கும்போதே வருகிறதா, நின்ற ஐந்து நிமிடத்தில் வருகிறதா, டிபன் சாப்பிட்டதும் வருகிறதா, பதினோரு மணிக்கா, மறுநாள் காலையிலா? நேரம் தெரிந்தால் பாதிக் காரணம் தெரிந்த மாதிரி. கீழே ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் எல்லாரும் சந்தேகப்படும் ஆளையே விசாரித்துவிடலாம்.

சத்து தீர்ந்துபோகிறதா?

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாப்பெட்டியில் கொஞ்சம் சில்லறை இருக்கும். உள்ளறைப் பீரோவில் அதைவிட அதிகப் பணம். வங்கியில் டெபாசிட்டாக அதையும்விடப் பெரிய தொகை. வாடிக்கையாளருக்கு மீதி கொடுக்கக் கல்லாச் சில்லறைதான் உதவும்; டெபாசிட் ரசீதைக் கிழித்துக் கொடுக்க முடியாது.

தசைக்கும் சில்லறை ஒன்றுதான் செல்லும். அதன் பெயர் ஏ.டி.பி., விரித்தால் அடினோசின் ட்ரைபாஸ்பேட். தசை சுருங்க, நரம்பு சேதி சொல்ல, இதயம் துடிக்க, எல்லாவற்றுக்கும் நேரடியாகச் செலவாவது இந்த ஒரு மூலக்கூறு. இதன் கையிருப்பு மிகக் குறைவு. முழு மூச்சாக ஓடினால் சில வினாடிகளுக்குத்தான் தாங்கும். ஆகவே உடம்பு உடைந்த ஏ.டி.பி.யை மறுபடி மறுபடி ஒட்டவைத்துக்கொண்டே இருக்கிறது. இப்படி ஒரு நாளில் புழங்கும் ஏ.டி.பி.யைக் கூட்டினால் ஏறக்குறைய நம் எடை அளவுக்கு வரும். (இந்த 'அடினோசின்' என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு இது திரும்பி வரும்.)

பீரோப் பணம் கிளைக்கோஜன். குளுக்கோஸை உடம்பு சங்கிலியாகக் கோத்துச் சேமித்து வைக்கும் வடிவம் இது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். டெபாசிட் என்பது கொழுப்பு. ஒல்லியான ஆளிடமும் அது கிலோக் கணக்கில் இருக்கும்.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 4 கலோரி தரும். 500 கிராமுக்கு 2,000 கலோரி. 65 கிலோ எடையுள்ள ஒருவர் தார்ச்சாலையில் முக்கால் மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 200 கலோரி. அதிலும் ஒரு பங்கைக் கொழுப்பு கொடுத்துவிடுகிறது. பீரோவில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. வாக்கிங் போனதால் சத்து தீர்ந்துவிட்டது என்பது பெரும்பாலும் கணக்கில் தேறாத பேச்சு. மாரத்தான் ஓடுகிறவர்களுக்குத்தான் பீரோ உண்மையிலேயே காலியாகும்.

அப்படியானால் வெறும் வயிற்றில் நடந்தால் சிலருக்கு ஏன் படபடப்பு வருகிறது? இங்கே ஒரு வேடிக்கையான குடும்பச் சண்டை இருக்கிறது. தொடைத் தசையில் எவ்வளவு கிளைக்கோஜன் இருந்தாலும் அது வேறு யாருக்கும் பெட்டியைத் திறக்காது. அதைக் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விடுவதற்கான நொதி தசையிடம் இல்லை. கல்லீரல்தான் கூட்டுக் குடும்பத்தின் மூத்த அண்ணன். தன் சேமிப்பை ரத்தத்தில் விட்டு மற்றவர்களைக் காப்பாற்றும். ரத்தத்தில் ஒரு நேரத்தில் மிதக்கும் மொத்தச் சர்க்கரை ஒரு டீஸ்பூன் அளவுதான். மூளையோ ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கிறது. நாம் தூங்கும்போதும் கேட்கிறது. இரவு எட்டரைக்கு இரண்டு தோசை சாப்பிட்டுப் படுத்தவரின் கல்லீரல், விடிவதற்குள் கையிருப்பில் கணிசமான பங்கைக் கொடுத்துவிட்டு நிற்கிறது. அந்த நேரத்தில் ஓடத் தொடங்கினால், ஆரோக்கியமானவர்களுக்கு உடம்பு எப்படியோ சமாளித்துவிடும். சிலருக்கு மட்டும் கை நடுக்கம், எரிச்சல், பசியோடு சேர்ந்த தளர்ச்சி வரும். அரை வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தெரிந்துவிடும். படபடப்பு போனால் அதுதான் காரணம்.

வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று சொல்லி இந்தப் படபடப்பைத் தவம் மாதிரி சகிக்கிறவர்களைப் பார்க்கிறேன். நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கொழுப்பின் பங்கு கூடுவது உண்மைதான். ஆனால் ஒரு நாள் முழுவதற்கும் சாப்பிட்டது, செலவழித்தது இரண்டும் ஒன்றாக இருந்தால், வெறும் வயிற்றுக்காரருக்கும் பழம் சாப்பிட்டவருக்கும் இடையில் எடைக் குறைவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வருவதில்லை.

இன்சுலின் போடுகிறவர்களும் சில வகைச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்த வம்புக்கே போக வேண்டாம். அவர்களுக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்க வாய்ப்பு உண்டு. எந்த மாத்திரை, எப்போது சாப்பாடு என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் காலை நடையைத் தொடங்க வேண்டும்; பாக்கெட்டில் நான்கு மிட்டாயும் இருக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தசையின் எரிபொருள் ஒரு மணி நேர நடையில் தீராது. கல்லீரலின் சிறு கையிருப்புதான் காலையில் மெலிந்திருக்கிறது. அதன் அடையாளம் நடக்கும்போதோ முடித்த உடனேயோ வரும் படபடப்பு. சாப்பிட்டதும் சரியாகிவிடும். பதினோரு மணித் தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

லாக்டிக் ஆசிட் மேல் போட்ட பழி

ஜிம் தம்பியின் தீர்ப்புக்கு நூறு வருட வரலாறு உண்டு. தவளைத் தசையில் ஆக்சிஜன் இல்லாதபோது லாக்டிக் அமிலம் சேர்வதை 1907இல் கேம்பிரிட்ஜில் பிளெட்சரும் ஹாப்கின்ஸும் காட்டினார்கள். தசை வேலை பற்றிய ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு ஆர்ச்சிபால்ட் ஹில்லுக்கும் ஓட்டோ மேயர்ஹாஃபுக்கும் கிடைத்தது. சேருகிறது, தசையும் ஓய்கிறது, ஆகவே இதுதான் விஷம் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. தீ பிடித்த இடத்தில் எப்போதும் தீயணைப்பு வண்டி நிற்கிறது, ஆகவே தீ வைத்ததும் அதுதான் என்பது மாதிரி.

கலிபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்து இதைத் திருப்பிப் போட்டார். உடம்பில் இது லாக்டேட் என்ற வடிவில்தான் இருக்கிறது. ஒரு தசை வெளியே விடும் லாக்டேட்டை இதயமும் மற்ற தசைகளும் எரிபொருளாக வாங்கிக்கொள்கின்றன. வேகமாக ஓடி முடித்தாலும் சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். சாதாரண நடையில் அது பெரிதாக ஏறுவதே கிடையாது. மறுநாள் படியில் இறங்கும்போது தொடை கத்துகிறதே, அது வேறு. பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் வேலையும் சேர்ந்த வலி அது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வந்து தானாக இறங்கிவிடும்.

கடலூர்க் காற்றும் மண்பானையும்

நின்ற ஐந்து பத்து நிமிடத்தில் வரும் கிறுகிறுப்பும் கை கால் ஓய்ந்த மாதிரியான தளர்ச்சியும் பெரும்பாலும் வியர்வையும் ரத்த ஓட்டமும் சம்பந்தப்பட்டவை. நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் கூர்மை இருக்கிறது.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நம் தோலும் ஒரு மண்பானைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கலோரி சூட்டைக் கொண்டுபோகும். கவனியுங்கள், ஆவியானால்! சொட்டிக் கீழே விழுந்த வியர்வை சூட்டைக் கொண்டுபோகாது. நீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

விடியற்காலையில் வெப்பம் குறைவு, ஆகவே நடக்க ஏற்ற நேரம் என்று நினைக்கிறோம். சரிதான். ஆனால் ஒரு நாளில் காற்றின் ஈரப்பதம் அதிகமாக இருப்பதும் அதே நேரத்தில்தான். கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். ஐப்பசியில் கொடியில் போட்ட துணி காய்வதில்லையே, அதே காரணத்தால் சட்டைக்குள் வியர்வையும் காயாது. உடம்பு என்ன செய்யும்? இன்னும் வியர்க்கும், இன்னும் அதிக ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும்.

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது உடனே புரியும். மோட்டார் ஒன்று, மடை இரண்டு. கால் தசைக்கு ஒரு மடை, தோலுக்கு ஒரு மடை. இரண்டையும் திறந்துவிட்டால் மோட்டார் அதிகமாக ஓட வேண்டும். கிணற்றில் நீரும் குறைந்துகொண்டே வந்தால் சத்தம் மாறும். அதனால்தான் மார்கழியில் சுலபமாக இருந்த அதே தூரம் சித்திரையில் நெஞ்சு படபடக்க வைக்கிறது. தூரம் அதேதான். நடக்கிறவரின் வயதும் நான்கு மாதத்தில் ஏறிவிடவில்லை.

நடையை நிறுத்தியதும் இன்னொன்று நடக்கிறது. தசையில் விரிந்த ரத்தக் குழாய்கள் உடனே சுருங்குவதில்லை. சில மணி நேரம் தளர்ந்தே இருக்கும். மோட்டார் வேகம் குறைந்துவிட்டது, மடைகள் மட்டும் திறந்தே கிடக்கின்றன. ஆகவே உடற்பயிற்சிக்குப் பிறகு ரத்த அழுத்தம் வழக்கத்தைவிடச் சற்றுக் கீழே இருக்கும். பி.பி. உள்ளவர்களுக்கு நடை நல்லது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சட்டென்று நின்றவருக்கும், காலையில் தண்ணீரே குடிக்காதவருக்கும், பி.பி. மாத்திரை போட்டவருக்கும் அது கிறுகிறுப்பாகத் தெரியும். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து நடந்து முடித்தாலே பாதி போய்விடும்.

தண்ணீர் எவ்வளவு? போகும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். எடையில் 2 சதவீதம் குறைந்தாலே உடம்பின் திறன் இறங்கத் தொடங்கும். 65 கிலோ ஆளுக்கு அது 1.3 லிட்டர். முக்கால் மணி நேர நடையில் பெரும்பாலும் அவ்வளவு போகாது, வெறும் தண்ணீரே போதும். அதிகமாக வியர்த்துக் கொட்டினால் உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ போதும், பாட்டில் பானங்களுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. (உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இதைத் தாண்டிப் போகவும்.) இளநீரை எல்லாரும் சிபாரிசு செய்வார்கள், அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். சுவைக்காகக் குடியுங்கள், சரி.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் அளந்து பார்த்தபோது, கெட்டித் தரையைவிட மணலில் அதே வேகத்தில் நடக்க இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் தேவைப்பட்டது. கால் புதைந்து வழுக்குவதில் வீணாவது அது. சாலையில் அரை மணி நேரம் நடந்து பழகியவர் திடீரென்று சில்வர் பீச் மணலில் அதே அரை மணி நேரம் நடந்துவிட்டு, "இன்னிக்கு என்னமோ முடியல" என்றால், அவர் உண்மையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்திருக்கிறார்.

பதினோரு மணிக்கு வருபவர்

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். நடக்கும்போது அவருக்கு ஒன்றுமில்லை, முடித்ததும் தெளிவாக இருக்கிறார், நான்கு மணி நேரம் கழித்துக் கண் சொக்குகிறது. எரிபொருளும் வியர்வையும் இவ்வளவு தாமதமாக வந்து கதவைத் தட்டாது.

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?" என்றேன்.

"பதினொன்றரை, பன்னிரண்டு ஆயிடும்ண்ணே. கிரிக்கெட் இருந்தா இன்னும் லேட்டு."

"எழுந்திருக்கிறது?"

"நாலே முக்கால். வாக்கிங் இல்லாத நாள்ல ஏழு."

இதற்கு மேல் விசாரணையே தேவையில்லை. ஆனாலும் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், அழகான ஏற்பாடு அது.

மூளையும் ஏ.டி.பி. செலவழிக்கிறது. உடையும் ஏ.டி.பி.யிலிருந்து மிஞ்சுவதில் ஒன்று அடினோசின். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது மூளையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கிறபோது எச்சில் இலை சேர்வது போல. சேரச் சேர மூளையின் விழிப்புப் பகுதிகள் மந்தமாகும். அதைத்தான் தூக்கம் வருகிறது என்கிறோம். தூங்கும்போது இலைகள் அள்ளப்படுகின்றன. ஏழு, எட்டு மணி நேரம் தூங்கினால் மண்டபம் சுத்தம். ஐந்து மணி நேரத்தில் அலாரம் அடித்து எழுந்தால் நேற்றைய இலைகள் கொஞ்சம் அப்படியே கிடக்க, இன்றைய பந்தி தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் ஆறே முக்காலுக்கு எப்படித் தெளிவாக இருந்தார்? எழுந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கார்டிசால் என்ற விழிப்பு ஹார்மோன் இயல்பாகவே உயரும். கூடவே நடை, கடல் காற்று, வெளிச்சம், அரட்டை. உடற்பயிற்சியின்போது சுரக்கும் அட்ரினலினும் சேர்ந்துகொள்ளும். மேளச் சத்தத்தில் இலைக் குப்பை தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு மூன்று மணி நேரத்தில் மேளம் நிற்கிறது. ஏசி அறை, உட்கார்ந்த வேலை, எண்ணிக்கொண்டே இருக்க வேண்டிய நோட்டுக் கட்டு. கண் சொக்காமல் என்ன செய்யும்?

காபி? அடினோசின் வந்து உட்காரும் இருக்கைகள் மூளைச் செல்களில் இருக்கின்றன. காஃபீன் அந்த இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது, பஸ்ஸில் ஜன்னல் வழியாக நாம் போடுவோமே அது போல. அடினோசினுக்கு உட்கார இடமில்லை. ஆனால் அது பஸ்ஸை விட்டுப் போகவும் இல்லை, நின்றுகொண்டிருக்கிறது. துண்டு எடுக்கப்பட்டதும் மொத்தமாக வந்து உட்காரும். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக் காபி இரவுத் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு, மறுநாள் பதினோரு மணிச் சொக்கலுக்கு அச்சாரம் போடுகிறது.

இந்தப் பகுதியின் சுருக்கம்: முடித்தபோது தெளிவு, பல மணி நேரம் கழித்துத் தூக்கம் என்றால் குற்றவாளி நடை அல்ல, நடைக்காக வெட்டிய தூக்கம். வாக்கிங் போகாத நாளில் அவர் நன்றாக இருந்ததற்குக் காரணம் வாக்கிங் போகாதது என்று அவர் நினைத்தார். அந்த நாளில் இரண்டே கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார் என்பதை யாரும் எண்ணவில்லை.

பொங்கலும் வடையும்

இதை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். நடந்துவிட்டோம் என்ற தைரியத்தில் எட்டரைக்கு நெய் வழியும் பொங்கல், இரண்டு வடை, பிறகு ஒரு பூரி செட் என்று போனால் வருவது மந்தம். மாவுச்சத்தும் கொழுப்பும் சேர்ந்த பெரிய சாப்பாடு எவரையும் ஒன்று இரண்டு மணி நேரம் சோம்ப வைக்கும். தூக்கம் குறைந்தவரை இன்னும் சுலபமாகச் சாய்த்துவிடும். சந்தேகம் இருந்தால் மூன்று நாள் இரண்டு இட்லி, ஒரு முட்டை அல்லது கொஞ்சம் சுண்டல் என்று மாற்றிப் பாருங்கள். 200 கலோரி நடைக்கு 700 கலோரி டிபன் என்ற கணக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

வலை இழுக்கிறவர்களுக்கு ஏன் வருவதில்லை?

நாங்கள் நடக்கும் அதே மணலில், எங்களுக்கு முன்பே வந்து படகைக் கரையேற்றி, வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் களைப்பு வரும், ஏன் வராது? ஆனால் எங்கள் நடையைப் போலப் பத்து மடங்கு வேலைக்கு அவர்கள் எங்களைப் போல ஓய்ந்துபோவதில்லை. உடம்பு பழகிக்கொள்வதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு.

தொடங்கிய ஒன்று இரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப் பகுதி கூடுகிறது. கிணற்றில் நீர் மட்டம் ஏறுகிற மாதிரி. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ள முடிகிறது. அடுத்த சில வாரங்களில் தசைச் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன. சாப்பாட்டையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஏ.டி.பி. செய்யும் அடுப்புகள் இவை. ஓர் அடுப்பில் நூறு பேருக்குச் சமைப்பதற்கும் நான்கு அடுப்பில் சமைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் புதியவருக்கும் பழகியவருக்கும் இடையில். இந்தக் கட்டுமானம் நடக்கும்போது நடப்பதில்லை. பிறகு ஓய்விலும் தூக்கத்திலும் நடக்கிறது. அந்த மீனவர்கள் பலர் இரவு எட்டு எட்டரைக்கே படுத்துவிடுவார்கள், மதியத்திலும் ஒரு தூக்கம் போடுவார்கள். அதை நாம் பார்ப்பதில்லை.

ஆகவே முதல் இரண்டு மூன்று வாரக் களைப்பு எதிர்பார்க்க வேண்டியதே. எதிர்பார்க்கக் கூடாதது, முதல் வாரத்திலேயே பத்து கிலோமீட்டர். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகத்துக்கு அதுவே அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பைத்தான். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், எப்போதும் சோர்வாக இருப்பதாகச் சொன்ன, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத இளைஞர்களை வாரம் மூன்று நாள், 20 நிமிடம், ஆறு வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மெதுவாக மிதித்த குழு, மிதமான வேகத்தில் மிதித்த குழு இரண்டுக்கும் தெம்பு கூடியது. சோர்வு அதிகம் குறைந்தது மெதுவாக மிதித்த குழுவுக்கு. மார்ச் பாஸ்ட் வேகத்தில் என்னை முந்திப்போகும் சிலரிடம் இதைச் சொல்ல ஆசை, பிடிக்க முடிவதில்லை.

நடைமேல் பழி போடக் கூடாத சில சோர்வுகள்

தூக்கம் சரி, சாப்பாடு சரி, வேகமும் மிதம், ஒரு மாதமாகியும் களைப்பு குறையவில்லை என்றால் நடை ஏற்கெனவே இருந்த ஒன்றை வெளியே காட்டுகிறது என்று அர்த்தம். நம் வீட்டுப் பெண்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால், லாரி குறைந்த ஊரில் சரக்கு தேங்குவது போலத்தான். எங்கள் குழுவில் ஓர் அக்கா, நூறு மீட்டருக்கு ஒரு தடவை உட்காருவார். வயசாகிவிட்டது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம், அவரும் நம்பிவிட்டார். வயது 41. பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.4. மாத்திரையோடு, சாப்பாட்டை ஒட்டி டீ குடிப்பதையும் நிறுத்தச் சொன்னார் மருத்துவர். டீ இரும்புச்சத்தை உடம்பில் சரியாக ஏறவிடாது.

தைராய்டு சுரப்பு குறைவது, கட்டுப்படாத சர்க்கரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் சில பி.பி. மாத்திரைகள் ஆகியவையும் இதே முகத்தோடு வரும். பலத்த குறட்டைக்காரர்கள் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்காதவர்களாக எழுவார்கள். தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவதால் இலை அள்ளும் வேலை நடப்பதே இல்லை. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சு வாங்கல், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. டீக்கடையில் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

நண்பர் வாக்கிங்கை நிறுத்தவில்லை. வாரத்தில் ஆறு நாள் என்றிருந்ததை நான்காக்கி, அலாரத்தை ஐந்தரைக்கு மாற்றி, இரவு பத்தேகாலுக்குப் படுக்கிறார். சில்வர் பீச்சுக்கு வர நேரமில்லாததால் மஞ்சக்குப்பம் மைதானத்தையே சுற்றுகிறார். "பதினோரு மணி எப்படி?" என்று போன வாரம் கேட்டேன். "பரவாயில்லண்ணே. கிரிக்கெட் நடக்கிற வாரம் மட்டும் கேக்காதீங்க."